கத்தி வைக்கும் முன் ஊசி பேசட்டும்

அமராவதி நகர், கல்லாபுரம், மானுப்பட்டி, எலையமுத்தூர், கொமரலிங்கம் பக்கங்களிலிருந்து மில்லுக்கும் பனியன் கம்பெனிக்கும் போய்வரும் பெண்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அக்காமார்களுக்கும் தங்கச்சிகளுக்கும்,

நான் உடுமலைப் பக்கத்துக்காரி. மார்பக ஸ்கேன் பார்ப்பதும் பயாப்சி எடுப்பதும் என் தொழில். விடியும் முன்னே கம்பெனி வேனுக்குக் காத்து நிற்கிறவர்கள், மில் ஹாஸ்டலில் தங்கி ஷிப்டு பார்க்கிறவர்கள், அணைக்கட்டில் மீன் வறுத்து விற்கிறவர்கள், சைனிக் பள்ளிக் குடியிருப்பில் இருக்கிறவர்கள், தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் என எல்லோருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். சொல்ல வந்தது ஒன்றுதான். மார்பில் கட்டி தட்டுப்பட்டால், அது இன்ன கட்டி என்று ஊசி வழியாகச் சதை எடுத்துப் பார்த்த அறிக்கை கைக்கு வரும்வரை, அதன்மேல் யாரையும் கத்தி வைக்க விடாதீர்கள். அந்த ஊசியையும் நாளை, அடுத்த மாதம் என்று தள்ளிப் போடாதீர்கள்.

நம் பக்கம் பல நேரம் நடப்பது வேறு. குளிக்கும்போது கைக்குக் கட்டி தட்டுப்படும். வலி இருக்காது. வலிக்காத ஒன்றுக்காக ஒருநாள் கூலியை விடுவானேன் என்று தோன்றும். சில மாதம் போன பிறகு யாரோ சொல்லி, பக்கத்தில் எங்காவது காட்டினால், "சின்னக் கட்டிதான், எடுத்துவிடலாம்" என்ற பதில் கிடைக்கும். அன்றைக்கே எடுத்து, தையல் போட்டு, வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். எடுத்த கட்டியைப் பரிசோதனைக்கே அனுப்பாமல் விட்டதும் உண்டு. அனுப்பி, தையல் பிரிக்கும் சமயத்தில் புற்றுநோய் என்று தெரியவந்ததும் உண்டு.

அப்படி வெட்டிய பிறகு ஒரு பெண் எங்களிடம் வந்தால், ஸ்கேனில் தெரிவது தழும்பும் ரத்தக்கட்டும்தான். கட்டி எவ்வளவு பெரிதாக இருந்தது, எந்தப் பக்கம் வேர்விட்டிருந்தது, ஓரத்தில் மிச்சம் இருக்கிறதா என்பதெல்லாம் அந்தக் கட்டியோடு போயிருக்கும். இரண்டாவது அறுவை தேவைப்படும். முதல் வெட்டு பொருந்தாத இடத்தில் போடப்பட்டிருந்தால், காப்பாற்றியிருக்கக்கூடிய மார்பையும் எடுக்க வேண்டி வரலாம். மயக்கம், தையல், லீவு, செலவு எல்லாம் இரண்டு தடவை.

நோயின் அளவையும் தெரிந்துகொள்ளுங்கள். நம் நாட்டுப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் மார்பகப் புற்றுநோய்க்குத்தான். சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையின் மதிப்பீட்டின்படி, 2022-ல் மட்டும் இந்தியாவில் சுமார் 1,92,000 பெண்களுக்கு இது புதிதாகக் கண்டறியப்பட்டது. சுமார் 98,000 பேர் இறந்தார்கள். மேலை நாடுகளில் அறுபதை ஒட்டி அதிகம் வரும் இந்த நோய், இங்கே நாற்பதுகளிலும் ஐம்பதுகளிலுமே நிறையப் பேருக்கு வருகிறது. மெஷினில் உட்கார்ந்து உழைக்கிற, பிள்ளைகளைப் படிக்க வைக்கிற வயது அது.

அதே மூச்சில் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மார்பில் வரும் பெரும்பாலான கட்டிகள் புற்றுநோய் அல்ல. இளம்பெண்களுக்கு வரும் நார்க்கட்டி, நாற்பதை ஒட்டி வரும் நீர்க்கட்டி, பால் கொடுக்கும் காலத்தில் வரும் சீழ்க்கட்டி என்று பல உண்டு. சாதாரண நீர்க்கட்டியை ஸ்கேனிலேயே அடையாளம் கண்டுவிடலாம், ஊசிகூட வேண்டாம். சீழ்க்கட்டிக்குக் காத்திருக்கக் கூடாது. காய்ச்சலும் சிவப்பும் இருந்தால் அன்றைக்கே காட்ட வேண்டும். நார்க்கட்டி என்று ஊசிப் பரிசோதனை சொல்லிவிட்டால், பலருக்கு அறுவையே தேவைப்படாது. ஆகவே இந்த ஊசி புற்றுநோய் உள்ளவருக்கு மட்டுமல்ல, இல்லாதவருக்கும் நல்லது செய்கிறது. வேண்டாத வெட்டிலிருந்து அவரைக் காப்பாற்றுகிறது.

இனி, அது எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். பாதிப் பயம் தெரியாததால் வருவதுதான்.

நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு முதலில் மேமோகிராம் எடுப்போம். இளையவர்களின் மார்பில் சுரப்பித் திசு அடர்த்தியாக இருக்கும் என்பதால் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனே முதலில் கைகொடுக்கும். கர்ப்பமாக இருந்தபோது வயிற்றில் பார்த்தார்களே, அதே வகை ஸ்கேன்தான். எக்ஸ்ரே கதிர் கிடையாது. பார்த்துவிட்டு, அறிக்கையில் பை-ராட்ஸ் என்று ஓர் எண் போடுவோம். 2 என்றால் கவலை இல்லை. 3 என்றால் பெரும்பாலும் ஆறு மாதத்தில் மறுபடி பார்க்க வேண்டும். 4 அல்லது 5 என்றால் பயாப்சி எடுத்தாக வேண்டும். உங்கள் அறிக்கையில் அந்த எண் என்ன என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பயாப்சிக்கு மல்லாந்து படுத்து, கையைத் தலைக்கு மேல் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டும். தோலில் ஜெல் தடவி, ஸ்கேன் கருவியை வைத்துக் கட்டியைத் திரையில் கொண்டுவருவோம். மரத்துப்போக ஓர் ஊசி போடுவோம். சுருக்கென்று எரியும், அவ்வளவுதான். பிறகு கடுகளவு தோலைக் கீறி, சுமார் 2 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஊசியை உள்ளே செலுத்துவோம். ஊசி போகும் பாதை முழுதும் திரையில் கோடாகத் தெரியும். நெஞ்சுக்கூட்டுப் பக்கம் இறங்காமல், கட்டிக்குள் மட்டும் போகிறதா என்று நொடிக்கு நொடி பார்த்துக்கொண்டேதான் நகர்த்துவோம். கருவியை அழுத்தினால் 'டக்' என்று சத்தம் வரும். அந்தச் சத்தத்தை முன்கூட்டியே உங்களுக்குக் கேட்கச் செய்துவிடுவோம். ஒவ்வொரு 'டக்'குக்கும் மெல்லிய நூல் போன்ற ஒரு சதைத்துண்டு வரும். நான்கைந்து துண்டு எடுத்து உடனே பார்மலினில் போடுவோம். சில நிமிடம் அழுத்திப் பிடித்து, பிளாஸ்திரி ஒட்டி அனுப்புவோம். முழு மயக்கம் இல்லை, தையல் இல்லை, படுக்கை இல்லை. எல்லாம் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஓரிரு நாள் கனமானதைத் தூக்காமல் இருந்தால் போதும். லேசாகக் கன்றிப்போகலாம்; தானே ஆறிவிடும். இதயத்துக்கோ பக்கவாதத்துக்கோ ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மட்டும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

துணி ரோலில் ஜிஎஸ்எம் கட்டரை வைத்து வட்டமாக ஒரு துண்டு வெட்டி, எடை போட்டுப் பார்த்த பிறகுதானே கட்டிங் டேபிளுக்குத் துணி போகிறது? அந்தச் சின்ன வட்டம் முழு ரோலின் சேதியைச் சொல்கிறது. துணிக்கே காட்டுகிற அந்த நிதானத்தை உடம்புக்குக் காட்ட வேண்டாமா?

"ஊசி குத்தினால் பரவிவிடும்" என்ற பேச்சு நம் பக்கம் வேரோடிக் கிடக்கிறது. இந்த ஒரு பேச்சால் வராமல் நின்றவர்கள் நிறையப் பேர். ஊசி போன வழியில் சில செல்கள் இடம்பெயர்வது உண்டுதான்; ஆனால் அவற்றில் ஏறக்குறைய எல்லாமே அங்கேயே மடிந்துவிடுகின்றன. பிறகு நடக்கும் அறுவையும் கதிர்வீச்சும் அந்த இடத்தையும் சேர்த்தே கவனித்துக்கொள்கின்றன. ஊசிப் பயாப்சி எடுத்த காரணத்தால் பெண்களின் ஆயுள் குறைவதில்லை என்பதுதான் பல ஆண்டு அனுபவமும் ஆய்வுகளும் சொல்வது. இந்தப் பேச்சு எப்படிப் பிறந்தது என்று எனக்குப் புரிகிறது. ஒரு வருடம், இரண்டு வருடம் பொறுத்துவிட்டு, நோய் முற்றிய பிறகு ஒருவர் பயாப்சிக்கு வருவார். அடுத்த சில மாதங்களில் மெலிந்துபோவார். பார்க்கிறவர்கள் கண்ணுக்கு ஊசிதான் தெரியும். அதற்கு முன் போன மாதங்கள் தெரியாது. பரவ விட்டது அந்த மாதங்கள்தான்.

"எப்படியும் ஆபரேஷன் செய்யத்தானே போகிறார்கள், எடுத்த பிறகு பரிசோதித்தால் ஆகாதா?" என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில். முன்கூட்டித் தெரிந்தால் ஆபரேஷனே மாறுகிறது. சில சமயம் எது முதலில் என்பதும் மாறுகிறது.

அந்தச் சின்னத் துண்டுகளிலிருந்து பேத்தாலஜி டாக்டர் எடுத்துத் தருகிற தகவல்களைப் பாருங்கள். புற்றுநோயா இல்லையா என்பது முதல் தகவல். பால்குழாய்க்குள்ளேயே அடங்கி நிற்கிறதா, வெளியே ஊடுருவிவிட்டதா என்பது அடுத்தது. மெல்லிய ஊசியால் செல்லை மட்டும் உறிஞ்சிப் பார்க்கும் பழைய முறையில் இந்த வேறுபாட்டைச் சொல்ல முடியாது. பிறகு, கட்டிக்கு ஹார்மோன் தீனி போடுகிறதா என்று சொல்லும் ஈ.ஆர்., பி.ஆர். சோதனைகள், ஹெர்-2 என்ற புரதம் மிகுந்திருக்கிறதா என்ற சோதனை. ஹார்மோன் வகை என்றால் பல ஆண்டு மாத்திரையே பெரும் காவலாக நிற்கும். ஹெர்-2 வகைக்கு டிராஸ்டுசுமாப் போன்ற குறிவைத்த மருந்து இருக்கிறது. மூன்றும் இல்லாத வகை வேகமாக வளரும். அதற்கு வேறு திட்டம் வேண்டும். பிந்திய இரண்டு வகைகளில், கட்டி ஓரளவு பெரிதாக இருந்தால் அறுவைக்கு முன்பே மருந்து கொடுத்துச் சுருக்குவது இன்று வழக்கம். கட்டி சுருங்கினால் முழு மார்பையும் எடுக்க வேண்டிய இடத்தில் ஒரு பகுதியை மட்டும் எடுத்தால் போதும். மருந்துக்குக் கட்டி அசைகிறதா என்பதும் கண்ணெதிரே தெரிந்துவிடும். சிலருக்கு முற்றிலும் கரைந்துபோகும் என்பதால், பிறகு இடம் தெரிய, ஊசி வழியாகவே ஒரு சின்ன உலோகக் குறியைக் கட்டிக்குள் வைத்துவிடுகிறோம்.

அறுவைக்கு முன்னே சிகிச்சை என்பது எங்கோ வெளிநாட்டில் பிறந்து நேற்று இங்கே வந்த புதுமை அல்ல. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி முன்னின்று உருவாக்கி 1954-ல் திறக்கப்பட்ட அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில், டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் இந்த வழியில் நடந்து காட்டியவர்கள். அங்கே வந்த பெண்களில் மிகப் பலர் கட்டி முற்றிய நிலையில் வந்தவர்கள். எடுத்த எடுப்பில் அறுத்துப் பயனில்லை. முதலில் மருந்தும் கதிர்வீச்சும், பிறகு அறுவை என்று வரிசையை மாற்றினார்கள். 1990 முதல் 1999 வரை அப்படிச் சிகிச்சை பெற்ற ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களின் விவரங்களைத் தொகுத்து, டாக்டர் சாந்தாவும் சகாக்களும் 2008-ல் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். வெட்டும் முன்னரே நோயை உறுதி செய்துகொண்டால்தான் அந்த வரிசையே சாத்தியம்.

தையல் மெஷினில் உட்காருகிறவர்களுக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. அது உங்கள் கை. மார்பில் ஸ்கேன் பார்க்கும்போதே அக்குளையும் பார்க்கிறோம். அங்குள்ள நிணநீர் முடிச்சு தடித்திருந்தால், அதிலும் ஸ்கேன் பார்த்தபடியே ஊசி போட்டுச் சோதிக்கலாம். அக்குளில் நோய் இல்லை என்று தெரிந்தால், அறுவையின்போது முதலில் வடிகால் வாங்கும் ஓரிரு முடிச்சுகளை மட்டும் எடுத்துப் பார்த்தால் போதும். தெரியாமல் அக்குள் முழுவதையும் துடைத்தெடுத்தால், கை வீங்கிப்போகும் ஆபத்து பல மடங்கு கூடுகிறது. தோளைத் தூக்குவதும் சிரமம். ஓவர்லாக் ஓட்டுகிற, பிசிறு வெட்டுகிற, கைமடி வேலை பார்க்கிற பெண்ணுக்குக் கை வீங்கினால் குடும்பத்தின் வருமானமே வீங்கிய கையோடு உட்கார்ந்துவிடும். அறுவைக்கு முன் அக்குளையும் பார்த்தீர்களா என்று கேட்பது உங்கள் பிழைப்பைப் பற்றிய கேள்வி.

முன்பே தெரிந்துகொள்ளும் இந்த உரிமை பெண்கள் கேட்டு வாங்கியது. அமெரிக்க அறுவை மருத்துவர் ஹால்ஸ்டெட் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வகுத்த முறையில் மார்பு, நெஞ்சுத் தசை, அக்குள் முடிச்சுகள் எல்லாவற்றையும் சேர்த்து எடுப்பார்கள். பல பதிற்றாண்டுகள் அதுவே விதியாக இருந்தது. பெண்ணை மயக்கத்தில் படுக்க வைத்து, கட்டியை வெட்டி, அங்கேயே உறைய வைத்துப் பார்த்து, புற்றுநோய் என்றால் அதே மயக்கத்திலேயே மார்பை எடுத்துவிடுவார்கள். கண் விழிக்கும்போது மார்பு இருக்குமா என்று தெரியாமலே கையெழுத்துப் போட்டுவிட்டு அவள் உள்ளே போவாள். 1974-ல் ரோஸ் குஷ்னர் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர், தன் மார்பில் கட்டி வந்தபோது இதற்கு இணங்க மறுத்தார். முதலில் பயாப்சி மட்டும், அறிக்கை வந்த பிறகு நான் யோசித்து முடிவு செய்வேன் என்று நின்றார். பல அறுவை மருத்துவர்கள் மறுத்தும் விடாமல் தேடினார், எழுதினார், வாதாடினார். 1979-ல் அந்நாட்டு தேசிய சுகாதார நிறுவனங்கள் கூட்டிய வல்லுநர் குழுவில் அவரும் உறுப்பினராக இருந்தார். நோயறிவது ஒரு படி, அறுவை இன்னொரு படி என்று அந்தக் குழு பரிந்துரைத்தது. 1993-ல் ஸ்டீவ் பார்க்கர் என்ற கதிரியக்க மருத்துவரும் சகாக்களும், அல்ட்ராசவுண்டில் பார்த்தபடி தானியங்கி ஊசியால் சதை எடுக்கும் முறையின் பலனை வெளியிட்டார்கள். அதற்குப் பிறகு முதல் படிக்குக் கத்தியே வேண்டாம் என்றாகிவிட்டது. அத்தனை தூரம் வந்த பிறகும், நம் ஊரில் ஒருத்தி என்ன நோய் என்று தெரியாமல் அறுவை மேசையில் படுக்க வேண்டுமா?

அடுத்தது நாள் கணக்கு. உலக சுகாதார அமைப்பு 2021-ல் தொடங்கிய மார்பகப் புற்றுநோய் முன்முயற்சி ஒரு வரையறை வைத்திருக்கிறது: ஒரு பெண் முதன்முதலாக டாக்டரிடம் காட்டிய நாளிலிருந்து 60 நாளுக்குள் நோய் இன்னதென்று உறுதியாகிவிட வேண்டும். நம் பக்கம் அந்த 60 நாளும் எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும். தீபாவளி ஷிப்மென்ட் முடியட்டும், ஆடி போகட்டும், மகள் சடங்கு முடியட்டும் என்று போகிறது. ஞாயிற்றுக்கிழமைதான் லீவு, அன்றைக்குப் பயாப்சி எடுக்கும் இடம் திறந்திருக்காது. அமராவதி நகரிலிருந்து உடுமலை வந்து, பஸ் மாறி, பல்லடம் வழியாகத் திருப்பூரோ பொள்ளாச்சி வழியாகக் கோவையோ போய்த் திரும்பினால் ஒரு நாள் கழிந்தது. அறிக்கை வாங்க இன்னொரு நாள். கூடவே, வீட்டில் சொல்லக் கூச்சம். இத்தனையும் உண்மையான தடைகள்தான். ஆனாலும் கட்டி இவை எதற்காகவும் காத்திருப்பதில்லை.

பணத்தைப் பற்றிச் சொல்கிறேன். சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா என்று பாருங்கள். உங்கள் பங்கு 0.75 சதவீதம், முதலாளியின் பங்கு 3.25 சதவீதம். அந்தப் பணத்துக்குச் சிகிச்சை மட்டுமல்ல, தகுதிக்கான நாட்கள் வேலை செய்திருந்தால் நோய்க்கால லீவுக்கு ஆண்டுக்கு 91 நாள் வரை, சம்பளத்தில் 70 சதவீதமும் உண்டு. இரண்டு ஆண்டு தொடர்ந்து வேலையில் இருந்தவர்களுக்குப் புற்றுநோய் போன்ற நீண்ட நோய்களில் இரண்டு ஆண்டு வரை 80 சதவீதம் கிடைக்க வழி இருக்கிறது. இதைத் தெரியாமல் வேலையை விட்டு நின்றுவிடாதீர்கள். பீஸ் ரேட்டிலும் கான்ட்ராக்டிலும் வேலை பார்த்து ஈ.எஸ்.ஐ. இல்லாதவர்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது; குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. அட்டை இல்லையென்றால் நோய் வரும்வரை காத்திராமல் இப்போதே எடுத்து வையுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் 30 வயது தாண்டிய பெண்களுக்கு மார்பகப் பரிசோதனை இலவசமாக உண்டு. பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளரின் கை எவ்வளவு பயன் தரும் என்பதற்கு மும்பையே சாட்சி. 1998-ல் தொடங்கி ஒன்றரை லட்சம் பெண்களிடம் இருபது ஆண்டு நடந்த டாட்டா நினைவு மருத்துவமனை ஆய்வில், கையால் பரிசோதிக்கப்பட்டவர்களுக்கு நோய் முன்னதாகவே பிடிபட்டது. 50 வயதைத் தாண்டிய பெண்களிடம் இறப்பு ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது.

டாக்டர் முன்னால் உட்காரும்போது கேட்க வேண்டியதை எழுதிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். என் ஸ்கேனில் பை-ராட்ஸ் எண் என்ன? ஸ்கேன் பார்த்தபடி ஊசிப் பயாப்சி எடுப்பீர்களா? அக்குளையும் பார்த்தீர்களா? புற்றுநோய் என்றால் ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 சோதனையும் சேர்த்துச் செய்வீர்களா? முதலில் அறுவையா, மருந்தா, ஏன்? ஸ்கேன் சந்தேகமாகவும் பயாப்சி நல்லதாகவும் வந்தால், இரண்டும் ஏன் ஒத்துப்போகவில்லை, மறுபடி எடுக்க வேண்டுமா என்றும் கேளுங்கள். அபூர்வமாக ஊசி இடம் தவறுவது உண்டு. அதைச் சரிபார்ப்பது எங்கள் கடமை. இப்படிக் கேட்டால் நல்ல டாக்டர் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபிக்கிறவரிடம் கட்டியைக் கொடுக்கவும் வேண்டாம்.

உங்கள் வீட்டு ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. தம்பிகளே, மாமாக்களே, அவள் தயங்கித் தயங்கிச் சொல்லும்போது "ஒண்ணும் இருக்காது" என்று ஆறுதல் சொல்லிவிட்டு நகராதீர்கள். வண்டியை எடுங்கள், கூடப் போங்கள். கம்பெனி சூப்பர்வைசர்களுக்கும் ஹாஸ்டல் வார்டன்களுக்கும்: ஸ்கேனுக்கு ஒரு நாள், பயாப்சிக்கு ஒரு நாள், அறிக்கைக்கு ஒரு நாள், அட்டெண்டன்ஸ் போனஸ் வெட்டாமல் விடுங்கள். ஒடிசாவிலிருந்தும் பிகாரிலிருந்தும் ஜார்கண்டிலிருந்தும் வந்து ஹாஸ்டலில் இருக்கும் பிள்ளைகளுக்கு இதைப் படித்துச் சொல்ல ஆள் வையுங்கள். மொழி தெரியாத ஊரில் மார்பில் கட்டியை மறைத்துக்கொண்டு வேலை பார்ப்பது எவ்வளவு பெரிய பாரம் என்று நினைத்துப் பாருங்கள்.

அக்காமார்களே, தங்கச்சிகளே, மாதவிலக்கு முடிந்த சில நாளில் ஒருமுறை உங்கள் மார்பை நீங்களே தடவிப் பாருங்கள். கட்டி, தோல் சுருக்கம், காம்பு உள்வாங்கல், ரத்தக் கசிவு இவற்றில் எது தெரிந்தாலும் அந்த வாரமே ஆரம்ப சுகாதார நிலையத்திலோ உடுமலை அரசு மருத்துவமனையிலோ காட்டுங்கள். ஸ்கேன் எடுங்கள். ஊசி தேவை என்றால் எடுத்துக்கொள்ளுங்கள். அறிக்கையை வாங்கி, புரியும்வரை கேட்டு, அதற்குப் பிறகு அறுவைக்குச் சம்மதம் சொல்லுங்கள். அந்த வரிசையில் போகிற பெண்ணுக்கு இன்றைய மருத்துவம் செய்யக்கூடியது மிக மிக அதிகம்.

உங்கள் நலம் விரும்பும்,
உடுமலைப் பக்கத்து ஸ்கேன் டாக்டர்